நடுக் காயலில் நின்ற படகு வீடு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆலப்புழை போனோம், குழந்தைகள் சேர்த்து ஏழு பேர். மதியம் 12 மணிக்கு ஏறினோம், 2 மணிக்கு வேம்பநாட்டுக் காயலில் இன்ஜின் நின்றுவிட்டது. வேறொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டது. இரவு ஜெனரேட்டரும் போச்சு. ஏசி இல்லாமல் மாமியார் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். பணம் கேட்டால், "தங்கினீங்க, சாப்பிட்டீங்க, அப்புறம் என்ன?" என்கிறார் முதலாளி. (திருப்பூர் வாசகி)

பதில்: உங்கள் மாமியாரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த முதலாளி சொல்லும் கணக்குதான் எனக்குப் பல வருடக் கோபம். மதியம் 12 முதல் மறுநாள் காலை 9 வரை 21 மணி நேரம் என்று விற்கிறார்கள், ஆனால் படகு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டிப் போடுவார்கள், மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் மாலை ஐந்தரை வாக்கில் கரைக்கு வந்துவிட வேண்டும், காலையில் திரும்பி வருவது கொஞ்ச நேரம்தான். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் தேறும். உங்களுக்குக் கிடைத்தது இரண்டுகூட இல்லை. கரையில் தூங்குவதற்கு விடுதியே போதுமே, அதற்கா இவ்வளவு பணம்? ஆகவே ஓடாத நேரத்துக்கும் ஏசி இல்லாத இரவுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டு எழுத்தில் கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, நின்ற படகின் வீடியோ எல்லாம் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் வாங்கிய நாளிலிருந்து மக்கர் செய்தது, கடைக்காரர் வாயால் சமாதானம் சொல்லியே காலம் கடத்தினார், வீடியோவோடு கடிதம் போன பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பகலில் ஏசி போடவே இல்லை. ஏமாற்று வேலைதானே? (சேலம்)

பதில்: இல்லை. பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். முழு நேரம் வேண்டுமென்றால் அதற்கு விலை வேறு, முன்பே கேட்க வேண்டும்.

கேள்வி: ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு புரொப்பெல்லர் நின்றது, இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். (மதுரை)

பதில்: வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை அடைத்து உப்புநீர் வராத மாதங்களில் அந்தக் களை செழித்து வளரும், அங்கே பிழைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்திருந்தால் விட்டுவிடலாம். பாதி நாள் போயிருந்தால் பொறுப்பு அவர்களுடையதுதான்.

கேள்வி: ரயில் நிலையத்தில் ஒருவர் பேசி, முழுப் பணமும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை, படகு பேரும் நினைவில்லை. வழி உண்டா? (திருநெல்வேலி)

பதில்: யார் மீது புகார் கொடுப்பீர்கள்? பணம் போனதைவிட, பேர்கூடப் பார்க்காத படகில் பிள்ளைகளை ஏற்றியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. பதிவு எண், எத்தனை பேருக்கு அனுமதி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பாதிப் பணத்தை இறங்கும்போது கொடுங்கள்.

கேள்வி: கேஸ் போட்டால் ஆலப்புழைக்குத்தான் அலைய வேண்டும் என்று மிரட்டுகிறார் ஏஜென்ட். (கோவை)

பதில்: பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கோவையிலேயே போடுங்கள்.