பங்க் டேங்க் எடுத்த மனை, ‘மாசடைந்த தளம்’ பட்டியலில்: கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து: பெட்ரோல் பங்குக்குக் குத்தகை விட்ட மனை சார். டேங்கைத் தோண்டி எடுத்தாங்க. ஐப்பசி மழையில குழித் தண்ணியை சாம்பிள் எடுத்து, சந்தேகத் தளம்னு பட்டியல்ல ஏத்திட்டாங்க. கசியவே இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது?

அதை நிரூபிக்கக் கிளம்பாதீங்க, முடியாது. சாம்பிள் எங்கே எடுத்ததுன்னு கேளுங்க. டேங்கைச் சுற்றி மணல் நிரப்பியிருப்பாங்க. நம்ம களிமண்ணில் அந்தக் குழி தொட்டி மாதிரி: மழைத்தண்ணி மணலில் இறங்கும், களியைத் தாண்டாமல் தேங்கும். டேங்கைத் தூக்கும்போது பைப்பில் மிச்சமிருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் கொட்டினாலே மேலே படலம் கட்டிவிடும். அந்தக் குழித் தண்ணி நிலத்தடி நீர் இல்லை.

குழியின் நாலு சுவர், அடி, பைப் போன பாதை, டிஸ்பென்சருக்கு (பெட்ரோல் போடும் மெஷின்) கீழே, லாரி இறக்கும் இடம்: இங்கெல்லாம் கலையாத மண்ணை எடுத்துச் சோதிக்கணும். கசிவு டேங்க் உடம்பைவிட பைப் ஜாயிண்டில்தான் அதிகம். களிக்கு நடுவே பழைய ஆற்று மணல் ஓட்டம் இருந்தால் அதையும் விடாதீங்க, எண்ணெய் அந்த வழியாகத்தான் நழுவும். அங்கே பெட்ரோல் வாடை வந்தால் ஆட்சேபணையை மறந்துட்டு, பட்டியலில் காட்டிய இடத்தின் எல்லையைச் சுருக்கச் சொல்லிக் கேளுங்க.

திருவாரூரிலிருந்து: எங்க மனையில சாம்பிளை பிளாஸ்டிக் கேன்ல பிடிச்சாங்க. அதை வச்சே தள்ளுபடி பண்ண வைக்கலாமா?

அவசரப்படாதீங்க. பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீன், பிளாஸ்டிக் கேனில் ஆவியாகிக் குறையுமே தவிர அதிகமாகாது. அந்த வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். கேனில் முன்னாடி எரிபொருள் இருந்ததா, வெற்று சாம்பிள் (ஒப்பிட்டுப் பார்க்க சுத்தத் தண்ணி நிரப்பிய குப்பி) வச்சாங்களா என்பதுதான் கேள்வி. மறுசோதனைக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் சோதிக்கணும். லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) கொடுத்த அங்கீகாரப் பட்டியலில் பென்சீன் இருக்கான்னு முதலில் பாருங்க.

மயிலாடுதுறையிலிருந்து: சட்டப்படி என்ன பிடிமானம்?

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11. அதன்படி எடுக்கும் சாம்பிளுக்கு அந்த இடத்திலேயே நோட்டீஸ் தரணும், உங்கள் முன்னிலையில் எடுத்து சீல் வைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போடணும். இல்லாட்டி முடிவு சாட்சியமாக ஏறாது. நீங்களே வேணும்னு வராமல் இருந்திருந்தால் இது எடுபடாது. அந்தத் தாள்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்க. மாசடைந்த தளங்களுக்கான தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. சந்தேகத் தளத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதற்கட்டமாக ஆராய 90 நாள், விரிவான ஆய்வுக்கு இன்னும் மூன்று மாதம். உங்கள் அறிக்கை அதற்குள் வாரியத்தின் கையில் இருக்கணும். அதே 1986 சட்டத்தின் பிரிவு 5-ன் கீழ் உத்தரவே வந்துவிட்டால், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை.

குத்தகைப் பத்திரம் பத்திரமாக இருக்கட்டும், செலவு யார் தலையில் என்ற பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும்.

மன்னார்குடியிலிருந்து: பக்கத்து பங்கால எங்க போர்த் தண்ணியில எண்ணெய்ப் படலம். உன் டீசல் இஞ்சின்தான் காரணம்ங்கிறாங்க.

முதலில் குச்சியால் படலத்தைக் கிழிச்சுப் பாருங்க. கண்ணாடிச் சில்லு மாதிரி உடைஞ்சு அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா, சுற்றி வந்து மறுபடி சேர்ந்தால் எண்ணெய். எண்ணெய்னா குரோமட்டோகிராம் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் லேப் வரைபடம்) கேளுங்க: பெட்ரோல் முன்பகுதியில் தெரியும், டீசல் பின்னால், இஞ்சின் ஆயில் அதற்கும் பின்னால். தண்ணி ஓடும் திசைக்கு, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணற்றின் நீர்மட்டம் வேணும். கோடையில் ஒருமுறை, வாய்க்காலில் தண்ணி வந்தபின் ஒருமுறை அளங்க, திசை மாறலாம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். முடிவு வரும்வரை அந்தத் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீங்க.