ஆபீஸை வைத்து ஒரு சீட்டுக்கட்டு

கேள்வி: ஆபீஸ் வாழ்க்கையை வைத்துச் சீட்டு விளையாட்டு ஒன்று உருவாக்கியிருக்கிறேன். அச்சிட்டு நண்பர்களுக்கும் தரலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாகத் தரலாம் அம்மா. முதலில் பென்சிலில் எழுதி ஆடிப் பாருங்கள். ‘மேனேஜர் கோபம்’ என்று பொதுவாக எழுதினால் சுவைக்காது. ‘மார்ச் 31, கரண்ட் இல்லை’, ‘கொலுசு ஆர்டர், டிசைனை மாற்றச் சொல்கிறார்கள்’ என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் வெள்ளிக் கொலுசுத் தொழில் நடக்கும் செவ்வாய்பேட்டையில் கணக்கு எழுதுகிறவர் சட்டென்று சிரிப்பார். கூட வேலை செய்பவர்களின் பெயர் மட்டும் வேண்டாம், மனசு நோகும்.

அப்புறம் அளவு. 63க்கு 88 மில்லிமீட்டர் வைத்தால் ஏ4 தாளில் ஒன்பது சீட்டு அடங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை நல்லது. பிடிஎஃப் அனுப்பும்போது ‘100 சதவீத அளவில் பிரின்ட் எடுக்கவும்’ என்று மேலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சீட்டு சுருங்கிவிடலாம். நாலைந்து வெற்றுச் சீட்டும் சேருங்கள், அவரவர் ஆபீஸ் கதையை எழுதிக்கொள்ளட்டும்.