முழுநேர ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராகி ஐந்து மாதம் ஆகிறது, வருமானம் நகரவே மாட்டேன் என்கிறது. இது வழக்கம்தானா, பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா?

வழக்கம்தான். எனக்கு முதல் ஆறு மாதத்தில் கைக்கு வந்தது 31,400 ரூபாய். மாதத்துக்கு இல்லை, ஆறு மாதத்துக்கும் சேர்த்து. ஆறே மாதத்தில் லட்சத்தைத் தொட்டவர்களும் இருக்கலாம், அவர்கள் சொல்வதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சிபாரிசுக்கு ஆள் இல்லாமல், தமிழில் மட்டும் எழுதிப் பிழைக்கலாம் என்று கிளம்பியவனின் கணக்கைத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஒன்றாம் தேதி நெருங்க நெருங்க வீட்டில் பேச்சு குறையும். விசேஷ வீட்டில் யாராவது "இப்ப எங்க வேலை?" என்று கேட்டால், நீங்கள் பதில் சொல்வதற்குள் கூட வந்தவர் பேச்சை மாற்றுவார். அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வேலையை விட்டது 2022 அக்டோபரில். தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், துறைமுகச் சரக்குக்கு சுங்க வேலையை முடித்துக் கொடுக்கிற இடம், 11 வருடம். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் போடுவது, கஸ்டம் ஹவுஸுக்கு ஓடுவது, கன்டெய்னர் எந்த யார்டில் நிற்கிறது என்று டிரைவருக்கு போன் போடுவது, இதுதான் வேலை. விட்டபோது மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்தேன். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், சம்பளம் 14,000. வாடகை 7,500. அம்மாவின் தையல் மெஷின்மேல் ஒரு பலகையைப் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அம்மா தைக்கிற நேரம் போக மிச்ச நேரம் எனக்கு.

ஒரு நீள நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்தேன்: அனுப்பிய தேதி, வேலை, பேசிய தொகை, பணம் வந்த தேதி. கேட்டதையெல்லாம் எழுதினேன். ராசிபலன், எடை குறைக்க வழி, மிக்ஸி விளம்பரம், வார்த்தைக்கு 20 பைசா. ஒரு தளத்துக்கு எட்டுக் கட்டுரை கொடுத்தேன், பேசியது 9,600. "அடுத்த வாரம் சார்" என்று இரண்டு மாதம் சொன்னார்கள், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த வரியில் நான்காவது கட்டம் இன்றுவரை காலி.

இன்னொரு கம்பெனி 8,000 பேசிவிட்டு 7,200 போட்டது. ஏமாற்றுகிறார்கள் என்று போனில் சத்தம் போட்டேன். அது டிடிஎஸ், பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிற வருமான வரி. வருமான வரிச் சட்டத்தில் அப்போது 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் பிடித்து என் பான் எண்ணில் கட்டியிருந்தார்கள். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 800 தெளிவாக இருந்தது. ரிட்டர்ன் போட்டதும் திரும்பி வந்தது. தொகை குறைந்து வந்தால் முதலில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். இன்வாய்ஸில் அந்தப் பதிவு எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு நான் ஃபாலோ அப் செய்யும் போன்கள் குறைந்தன.

ஏழாவது மாதம் பாரிமுனையில் ஒரு டீக்கடையில் பழைய ஆபீஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மாறியிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். டிரெய்லர் டிரைவர்களுக்கான பாதுகாப்பு விதிகள், இங்கிலீஷிலிருந்து யாரோ தமிழாக்கியது. "சரக்கின் கசையடி சரிபார்க்கப்படல் வேண்டும்" என்று இருந்தது. லாஷிங் என்றால் சரக்கு ஆடாமல் பெல்ட்டோ சங்கிலியோ போட்டு இறுக்கிக் கட்டுவது. அகராதியில் முதலில் இருந்த அர்த்தத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள். "படிச்சுட்டு டிரைவருங்க என்னைப் பாக்குறாங்கடா, நீ எழுதிக் குடு" என்றார் அண்ணன்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். "லாஷிங் இறுக்கமா இருக்கான்னு கையால இழுத்துப் பாருங்க." "சீல் நம்பரும் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க." சீல் என்றால் கன்டெய்னர் கதவில் பூட்டு மாதிரிப் போடுவது, பழைய தாளில் அதற்கு முத்திரை என்று இருந்தது. எந்த டிரைவரும் அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டு பக்கம், 6,000 ரூபாய், ஒன்பதாவது நாள் அக்கவுண்டில் விழுந்தது. அதைப் பார்த்து இன்னொரு யார்டு கூப்பிட்டது. அப்புறம் சின்ன ஏற்றுமதியாளர்களுக்கான வீடியோவுக்கு ஸ்கிரிப்ட்.

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். இழுத்தடித்தவை, வராமல் போனவை எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வேலைகள். சொன்ன தேதியில் வந்தவை துறைமுகத்து வேலைகள். அதை எழுத எனக்குப் பின்னால் 11 வருடம் இருந்தது. இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த 11 வருடம் வீண் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலையை விட்டிருந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் வடசென்னைக்காரன் என்று தெரிந்ததும் பத்திரிகை ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ரவுடி கதை இருக்கா?" கத்தி, கஞ்சா, கொச்சைப் பேச்சு. எங்கள் பக்கம் வேறு கதைகளும் இருக்கின்றன. 2008-ல் கேரம் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் உருவானது பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து. தெருவோர கேரம் கிளப்புகளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததை "இதுல வடசென்னை எங்க இருக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் ஒருவர். நான் பிறந்த தெருவைப் பற்றி என்னிடமே அப்படிக் கேட்டது இன்னும் ஆறவில்லை.

சரி, திரும்பிப் போகலாமா என்று கேட்டீர்கள். மூன்று மாத வாடகையும் மளிகையும் கையில் இருந்தால் போகாதீர்கள். இல்லையென்றால் பாதி வேலைக்குப் போங்கள். நானும் ஐந்தாவது மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பழைய ஆபீஸிலேயே போய் டைப் அடித்தேன், ஏழு மாதம். "அப்போ முழுநேரம் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், அந்தப் பணத்தில்தான் வாடகை கொடுத்தேன். இப்போதும் எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் போன வருடத்தில் பழைய சம்பளத்துக்குக் கீழே இறங்கியது இரண்டே மாதம்.

இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லுங்கள்.