கார்ட்டிங்கிலிருந்து எஃப்1 (ஃபார்முலா 1) வரை: கேள்வி பதில்

கே (சேலம்): பையனுக்கு 8 வயது. மாலில் கார்ட் ஓட்டினால் எல்லாரையும் முந்துகிறான். அடுத்து என்ன சார்?

ப: மால் கார்ட் வேறு, ரேஸ் கார்ட் வேறு. ரேஸ் கார்ட்டில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்னால் இரு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சில் (அச்சு). வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாக எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். வளைவில் சீட் அழுத்தும் பளு முழுக்க விலாவில் இறங்கும். சீட் பொருந்தாமல் ஓட்டிய பையன் சாயங்காலம் சட்டையைக் கழற்றவே முகம் சுளிப்பான். மறுநாள் காலையிலும் ஹெல்மெட்டைத் தேடினான் என்றால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தய அமைப்பு) லைசென்ஸ் எடுத்து ஒரு சீசன் ஓட விடுங்கள். வீட்டை மட்டும் அடமானம் வைக்காதீர்கள்.

கே (மதுரை): எஃப்1க்கு எத்தனை படி?

ப: கார்ட்டிங், 15 வயதில் எஃப்4, அப்புறம் ஃபார்முலா ரீஜனல், எஃப்3, எஃப்2. எஃப்1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று சீசனில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். எஃப்4 சாம்பியனுக்கு 12, எஃப்3 சாம்பியனுக்கு 30, எஃப்2 சாம்பியனுக்கு ஒரேயடியாக 40. ஆனால் அந்த எஃப்2வில் ஒரு சீசன் ஓட்டவே 20 லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும். எஃப்1 ஓட்டுநர் எஸ்டபான் ஓகானின் பெற்றோர் வீட்டை விற்றுவிட்டு கேரவனில் குடியிருந்தார்கள். பையன் ஜெயித்ததால் நமக்குத் தெரிகிறது. விற்றும் தோற்ற குடும்பங்களை யார் பேட்டி எடுத்தார்கள்?

கே (திருச்சி): எனக்கு 26 வயது. எஃப்1 வாய்ப்பு உண்டா?

ப: இல்லை. ராலி, டூரிங் கார் பக்கம் போங்கள்.

கே (சென்னை): தல ஏன் எஃப்1க்குப் போகவில்லை?

ப: அஜித் எஃப்2 ஓட்டிய 2010இல் அவருக்கு 40 நெருங்கிவிட்டது. 2025இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. அது வேறு பாதை. ரசிகர் சண்டைக்கு நான் வரவில்லை.

கே (கோவை): 2005 இண்டியானாபோலிஸ் எஃப்1 பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் நாலாவது வந்ததெல்லாம் ஒரு சாதனையா? ஓடியதே 6 கார்.

ப: நரேனின் சொந்த ஊரான கோவையிலிருந்தே இந்தக் கேள்வியா! மிஷலின் டயர் 13ஆம் வளைவின் சரிவில் தாங்காது என்று அந்த டயர் போட்ட 14 கார் ஃபார்மேஷன் லேப் (பந்தயம் தொடங்குமுன் ஓடும் சுற்று) முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. அது நரேன் செய்த குற்றமா? பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்தவர்கள் ஓட்டினார்கள், 5 புள்ளி கிடைத்தது.

கே (அதே கோவை): ஓசிப் புள்ளிதானே?

ப: குறை சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். நரேன் ஓட்டிய அதே ஜோர்டான் அணியின் காரில் சக ஓட்டுநர் மான்டெய்ரோ மூன்றாவது வந்து மேடை ஏறினார். நரேன் அவரைப் பிடிக்கவில்லை. அதைப் பேசினால் நானும் உங்கள் கட்சி.

கே (ஈரோடு): மகளுக்கு 9 வயது, மாலில் நன்றாக கார்ட் ஓட்டுகிறாள்...

ப: சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். பெண்களுக்கு 2023 முதல் எஃப்1 அகாடமி என்று தனித் தொடரே நடக்கிறது. அடமானம் பற்றிச் சொன்னது உங்களுக்கும்தான்.

கே (கோவை, மறுபடியும்): நரேன் ஃபார்முலா மாருதி என்ற இந்தியப் பந்தயத் தொடரில்தானே தொடங்கினார்? கார்ட்டிங் எதற்கு?

ப: அது 1990களின் தொடக்கம். இன்றைய எஃப்1 கிரிட்டில் கார்ட் ஓட்டாமல் வந்தவர் ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.