தேய்ந்த முழங்காலுக்குப் பயிற்சி செய்யலாமோ? இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பதில்கள்

எனக்கு 66 வயது. எக்ஸ்ரே பார்த்து முழங்கால் தேய்ஞ்சுபோச்சு என்று சொன்னவை. தேய்ஞ்ச காலை ஆட்டினால் இன்னும் தேயாதோ? (ஒட்டுசுட்டான்)

அளவோடு செய்தால் தேயாது அம்மா. இந்தப் பயம்தான் கூடுதலாகக் கெடுக்கிறது. நோவுக்குப் பயந்து இருந்த இடத்திலேயே இருந்தால் முன்தொடைத் தசை மெலிந்துவிடும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் காலோடு வயலுக்குப் போய்வருகிற அம்மாமாரும் இருக்கிறார்கள்.

கட்டிலில் காலை நீட்டி இருந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். துவாயை நசிக்கிற மாதிரி அமத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். தொடையைத் தொட்டுப் பாருங்கள், தசை கல்லுப்போல இறுகவேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 தரம், காலையும் மாலையும். அது பழகியபின் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெல்ல மெல்ல இருங்கள். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். சுவரோடு சாத்தி வையுங்கள். செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை. மறுநாளும் நோ கூடியே நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய 6 தொடக்கம் 12 கிழமை செல்லும். இரண்டாம் கிழமையிலேயே கைவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கரண்ட் பிடித்தால் சுகம் வருமாம். 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் என் தொடைக்குள் இருக்கு. பிடிக்கலாமோ? (புதுக்குடியிருப்பு)

பிடிப்பதற்கு முன் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. மின்கருவியால் செய்யும் சிகிச்சை எல்லாவற்றையும் நாங்கள் 'கரண்ட்' என்கிறோம்; அவை வேறு வேறு. உள்ளுக்குச் சூடேற்றும் ஷோர்ட்வேவ் உங்களுக்குக் கூடவே கூடாது. அந்த உலோகத் துண்டு சூடாகிச் சுற்றியிருக்கும் சதையைச் சுட்டுவிடும். கிளினிக்கில் யாரும் கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் அப்படித்தான். பழைய காயம்தானே என்று இருந்துவிட வேண்டாம். எந்தக் கரண்டும் மேலே சொன்ன பயிற்சிக்கு ஈடாகாது.

கச்சான் ஆயவும் தேங்காய் திருவவும் கீழே இருக்கவேணும். என்ன செய்யிறது? (மாங்குளம்)

வேலையை விடாதீர்கள், இருக்கிற இடத்தை உயர்த்துங்கள். முழங்கால் நன்றாக மடங்கும்போதுதான் சில்லுக்கு (முழங்காலின் முன்பக்க வட்ட எலும்பு) பின்னால் அமத்தம் கூடுகிறது. கச்சானை மேசையில் கொட்டிக் கதிரையில் இருந்து ஆயலாம். மேசை விளிம்பில் பூட்டும் திருவலை வாங்கலாம். குந்து மலசலகூடத்தின் மேல் கொமட் கதிரை வைக்கலாம். உடம்பும் கூடவென்றால் கொஞ்சமாவது குறையுங்கள்: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறையும்.

பொல்லு எந்தக் கையில் பிடிக்கவேணும்? (கிளிநொச்சி)

நோகிற காலுக்கு மறுபக்கக் கையில். நோகிற கால் முன்னுக்குப் போகும்போது பொல்லும் சேர்ந்து போகவேண்டும்.

ஒத்தடம் சுடுதண்ணியிலோ, ஐஸிலோ? (நெடுங்கேணி)

காலையில் விறைத்திருந்தால் சூடு. வீங்கியிருந்தால் ஐஸ், துணியில் சுற்றி. எதுவானாலும் 15 நிமிடம் போதும். சலரோகத்தால் கால் மரத்தவர்கள் சூட்டைக் கையால் பார்த்த பின்பே வையுங்கள். முழங்கால் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் ஒத்தடமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.