ராணுவம் வந்தால் யாருக்கு ஜெயம்?

வணக்கம். அமெரிக்கச் சுரங்க வேலைநிறுத்தங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்று இடிக்கிறது. கொலராடோ மாநிலத்து நிலக்கரிப் பகுதியான லட்லோவிலும் (1914) மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையிலும் (1921) மத்திய ராணுவம் வந்தபோது தொழிலாளிகள் எதிர்க்கவில்லை, நிம்மதியே அடைந்தார்கள் என்கிறீர்கள். ராணுவம் நடுநிலையாக நடந்துகொண்டது என்றும் சொல்கிறீர்கள். பிறகு ஏன் எல்லா இடத்திலும் தொழிலாளிகளே தோற்றார்கள்?

கே.

அன்புள்ள கே.,

லட்லோவில் அதற்கு முன் யார் யார் வந்துபோனார்கள் என்று பாருங்கள். 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, சங்கம் போட்டுக் கொடுத்த கூடாரங்களில் ஏறக்குறைய 1,200 பேர் கொலராடோ குளிரைக் கழித்தார்கள். முதலில் வந்தவர்கள் கம்பெனிகள் கூலிக்கு அமர்த்திய பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் துப்பறியும் ஏஜென்சியின் ஆட்கள். இரும்புத் தகடு அடித்த காரில் மெஷின் கன்னை ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். அடுத்து மாநிலப் படை. அதைத் தொழிலாளிகள் கொடி பிடித்து வரவேற்றார்கள் என்பதை மறக்க வேண்டாம். மாநில கஜானா வறண்டதும் படையில் பெரும்பகுதி வீட்டுக்குப் போனது. மிச்சமிருந்ததில் கம்பெனிக் காவலாளிகளே சீருடை மாட்டிக்கொண்டு சேர்ந்தார்கள்.

1914 ஏப்ரல் 20 அன்று அவர்கள் கூடாரங்களை நோக்கிச் சுட்டார்கள். மாலையில் கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டிய குழிக்குள் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அப்புறம் பத்து நாள் தொழிலாளிகள் துப்பாக்கியோடு மலைகளில் இறங்கி, சுரங்கங்களைத் தாக்கிக் கொளுத்தினார்கள். மாநிலத் தலைநகர் டென்வரில் பெண்கள் கூட்டமாகப் போய், மத்திய ராணுவத்தைக் கேட்டு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அடிக்காமல் நகரமாட்டோம் என்று கவர்னர் அம்மன்ஸை நெருக்கினார்கள். ராணுவத்தைக் கூப்பிடச் சொன்னது முதலாளிகள் மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வந்த ராணுவம் இரண்டு பக்கமும் ஆயுதத்தைப் பிடுங்கியது. வெளிமாநிலக் கருங்காலிகளை இறக்குவதற்குத் தடை போட்டது. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருந்த கருங்காலிகளை வைத்துச் சுரங்கத்தை ஓட்டத் தடை இல்லை. அங்கேதான் விஷயம் முடிந்துபோனது. கரி வெளியே வந்துகொண்டிருக்க, கூடாரத்துக்குப் படியளக்கும் சங்கத்துக்குக் கையில் காசு கரைந்தது. டிசம்பரில் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம்கூடக் கிடைக்கவில்லை.

இதையே கலவரம் எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டுக்குப் போக வேண்டும். 1907இல் வங்கிகள் தடுமாறிய சமயம், தங்கச் சுரங்க முதலாளிகள் கூலியை ரொக்கமாகத் தராமல் காகிதச் சீட்டாகத் தரப் பார்த்தார்கள். தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் சொல்கேட்டு கவர்னர் ஸ்பார்க்ஸ் தந்தி அடிக்க, தியோடர் ரூஸ்வெல்ட் டிசம்பரில் ராணுவத்தை அனுப்பினார். அது வந்து இறங்கிய கையோடு முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், சங்கத்து ஆளுக்கு வேலை இல்லை என்றும் அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் அனுப்பிய விசாரணைக் குழு, ராணுவத்தைக் கூப்பிடும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. சரி, உடனே திருப்பி அழைத்தாரா? மாநிலம் தனக்கென்று ஒரு போலீஸ் படை அமைக்கும்வரை ராணுவம் அங்கேயே இருந்தது. அதற்குள் சங்கத்தின் கதை முடிந்துவிட்டது.

ஆகவே நடுநிலை என்று நான் சொன்னது துப்பாக்கியைப் பற்றி மட்டும்தான். வேலைநிறுத்தக்காரனுக்கு இருக்கும் ஒரே பிடி, சுரங்கம் நின்றுபோவது. அமைதி என்ற பெயரில் அதை ஓட விட்டால் யாரையும் சுட வேண்டிய அவசியமே இல்லை.

பிளேர் மலையில் ஆயுதமேந்திச் சண்டையிட்டு, 1921 செப்டம்பரில் ராணுவத்திடம் துப்பாக்கிகளை ஒப்படைத்த சுரங்கத் தொழிலாளிகளில் பலர் முதல் உலகப் போரில் அதே ராணுவத்தில் இருந்தவர்கள். தங்கள் சண்டை அந்த வட்டாரத்துப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் டான் சாஃபினோடும் கம்பெனிகளோடும்தான் என்று நினைத்தார்கள். ராணுவம் அவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னது. பிறகு மேற்கு வர்ஜீனியா மாநிலம் நூற்றுக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டது. சிலர் மேல் தேசத்துரோகக் குற்றச்சாட்டு. அவர்களில் ஒருவரான சங்கத் தலைவர் பில் பிளிஸார்ட் விடுதலை ஆனார். ஆனால் வழக்குச் செலவிலேயே சங்கம் நொடித்தது. அந்த மாநிலத்தின் தென்பகுதிச் சுரங்கங்களில் அது மறுபடி கால் ஊன்ற 1933 ஆனது.