சாகாத மனிதர் சாகலாமா?

அன்புள்ள அக்கா,

நாங்கள் நான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஜம்பட்டா வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து காமிக்ஸ் கதைப்போம். சின்ன வயதில் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியை, அதாவது ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்பவரை, வாசித்து வளர்ந்தவர்கள். இப்போது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஆங்கிலத் தினசரித் தொடரில் அவர் சாகப்போகிறார் என்று ஒரு தீர்க்கதரிசனம் வந்ததே, அதிலிருந்து தொடங்கியது. "அவரைச் சாகடித்தால் அன்றோடு வாசிப்பதை விட்டுவிடுவேன்" என்கிறார் ஒருவர். "சாகட்டும், ஆனால் மகன் கிட்தான் வரவேண்டும், அவர்களின் பரம்பரைச் சத்தியமே அப்படித்தான்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "சும்மா ஏன் அடிபடுகிறீர்கள், சூப்பர்மேன் மாதிரி இவரும் திரும்பி வந்துவிடுவார்" என்கிறார். போன கிழமை என் மகளும் கூட வந்திருந்தாள். பதின்மூன்று வயது. "ஹெலாய்ஸ் வந்தால் என்ன?" என்று கேட்டாள். ஹெலாய்ஸ் கிட்டின் இரட்டைச் சகோதரி. யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த மனிதர் சாகக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., கொட்டாஞ்சேனை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மகளின் கேள்விக்கு உடனே பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கடைசி வரியில் நீங்கள் சொன்ன அந்த "அவ்வளவுதான்" என்னை நிறுத்திவிட்டது. எனக்கும் அவரைப் போகவிட மனமில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெயர். எங்கள் வீட்டில் அண்ணா சேர்த்து வைத்திருந்தவை முத்து காமிக்ஸ். அதில் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி, 1972இல் அந்த இதழைத் தொடங்கிவைத்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முகமூடிக்காரரை நாங்கள் வேதாளர் என்றே சொன்னோம். ராணி காமிக்ஸ் பிள்ளைகளுடன் கதைக்கும்போது யார் எந்த மாயாவியைச் சொல்கிறார்கள் என்று பிரித்தெடுக்கவே நேரம் போய்விடும். இந்தப் பதிலில் நான் வேதாளர் என்றே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

லீ ஃபாக் அவரை உருவாக்கியது 1936இல். பிப்ரவரி 17 அன்று பத்திரிகையில் முதல் சித்திரப் பட்டை வந்தது. 1536இல் கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரையொதுங்கிய ஒருவன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறான். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி எல்லாவற்றையும் ஒழிப்பேன், என் மகன்களும் அவர்களின் மகன்களும் என் வழியில் வருவார்கள் என்று. அப்பா சாகும்போது மகன் அதே உடுப்பை, அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான். வெளியில் இருப்பவர்களுக்கு அது நானூறு வருடமாக ஒரே ஆள். நடமாடும் ஆவி, சாகாத மனிதன். ஆனால் அவர்கள் வாழும் மண்டையோட்டுக் குகைக்குள்ளே இருபது கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நாம் வாசித்தது இருபத்தோராவது ஆளை.

எட்டு வயதில் எனக்கு அந்தக் கல்லறைகள்தான் பிடித்தன. கொள்ளையருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த மனிதர் சாவார். இவருடைய அப்பா செத்திருக்கிறார். அது தெரிந்துகொண்டே குதிரையில் ஏறுகிறார். குண்டு துளைக்காத உடம்புள்ளவர் சண்டைக்குப் போவதில் எனக்கு அந்த வயதிலேயே பெரிய ஆச்சரியம் வரவில்லை.

உங்கள் மூன்றாவது நண்பர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அவருக்குப் பழக்கமான உலகம் அப்படித்தான் நடந்துகொண்டது. சூப்பர்மேன் 1992 நவம்பரில் செத்தார், அந்த இதழ் லட்சக்கணக்கில் விற்றது. நான்கு பேர் அவருடைய இடத்துக்கு வந்தார்கள், அடுத்த வருடமே அசல் ஆளும் வந்துவிட்டார். கேப்டன் அமெரிக்கா 2007இல் சுடப்பட்டார். பழைய தோழன் பக்கி கேடயத்தை எடுத்தான். இரண்டு வருடத்தில் அவரும் திரும்பினார். மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷாக இருந்த பேரி ஆலன்தான் நீண்ட காலம் போனவராகவே இருந்தார். 1985இல் அவர் செத்ததும் அவருடைய சீடன் வாலி வெஸ்ட் அந்தச் சிவப்பு உடுப்பைப் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஓடினான். ஒரு தலைமுறைக்கு ஃபிளாஷ் என்றாலே வாலிதான். 2008இல் பேரியை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எனக்கு வாலியை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. இருபது வருடம் ஓடியவனை "நீ வெறும் காவலுக்கு இருந்தாய்" என்று சொன்ன மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் தேத்தண்ணிக் கடையில் கட்டாயம் சொல்லுங்கள். 1988இல் பேட்மேனின் துணைவன் ராபின், அப்போது அந்த உடுப்பில் இருந்தவன் ஜேசன் டாட். அவன் வாழ வேண்டுமா சாக வேண்டுமா என்று வாசகர்களிடமே தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். இரண்டு இலக்கங்கள், ஒரு அழைப்புக்கு ஐம்பது சதம், முப்பத்தாறு மணித்தியாலம். சாகட்டும் என்ற அழைப்புகள் 5343. வாழட்டும் என்றவை 5271. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த எண்ணிக்கை நெஞ்சில் உறுத்துகிறது. அவனையும் 2005இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கொன்றது ஒரு தவறு என்றால், எழுப்பியது இரண்டாவது தவறு என்பேன். அந்தச் சாவைச் சுமந்துகொண்டு பேட்மேன் நடந்த வருடங்கள்தான் அந்தக் கதையில் எனக்கு உண்மையாகப் பட்டவை.

வேதாளருக்கு இது பொருந்தாது. அவர் திரும்பி வந்தால் அந்தக் குகையில் இருக்கும் இருபது பேரும் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி வரும். கதையின் அத்திவாரமே பெயர்ந்துவிடும்.

அப்படியென்றால் நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? இருபது சாவுகளின் மேல் நிற்கும் கதையில் இருபத்தோராவதை ஏன் தாங்க முடியவில்லை? காரணம் எளிது. அந்த இருபது பேரை நாம் பார்க்கவில்லை, குகையின் பழைய ஏடுகளில் வாசித்ததோடு சரி. இவரைத்தான் 1936இலிருந்து பார்க்கிறோம். லீ ஃபாக் 1999இல் தான் இறக்கும் வரைக்கும், அறுபத்து மூன்று வருடம் இவரை எழுதினார். 1977இல் காதலி டயானாவைக் கட்டிக்கொடுத்தார், 1979இல் இரட்டைப் பிள்ளைகள், கிட்டும் ஹெலாய்ஸும். ஆனால் இவரைச் சாகவிடவில்லை. என் அப்பா வாசித்தவர், அண்ணா வாசித்தவர், நான் வாசித்தவர், எல்லாம் இதே ஒரு ஆள். ஃபாக்குக்குப் பிறகு எழுதிய டோனி டிபோல்தான் காட்டின் கதைசொல்லியான கிழவன் மோஸின் வாயால் அந்தத் தீர்க்கதரிசனத்தைச் சொல்லவைத்தார். ஒரு பெண்ணைச் சிறையிலிருந்து மீட்கப் போனால் உனக்குச் சாவு, உன் வம்சத்துக்கு அழிவு என்று. அது சொல்லப்பட்ட சாவு, இன்னும் நடந்த சாவு இல்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

சரி, இனி ஒரு வீட்டுக் கதை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அப்பாவுக்குத் தையல் கடை இருந்தது. ஒரு வெட்டும் மேசை, இரண்டு மெஷின். 1994இல் அப்பா திடீரென்று போய்விட்டார். அண்ணா அதற்கு முன்பே ஜெர்மனிக்குப் போயிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி. "மகன் வரமாட்டாரா?" என் அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பாவின் பக்கத்தில் நின்று காஜா எடுத்தும் பொத்தான் தைத்தும் பழகியவள். எட்டாம் நாள் முடிந்து கொஞ்ச நாளில் அவளே போய்க் கடையைத் திறந்தாள்.

அப்பாவிடம் அளவுக் கொப்பிகள் பதினொன்று இருந்தன. எல்லாம் நீலப் பென்சில். பெயர் முழுதாக இருக்காது, அப்பாவுக்கு மட்டும் விளங்கும் குறிகள். முதலில் வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர், இருபது வருட வாடிக்கை. கொப்பியில் கொலர் பதினைந்தரை என்று இருந்தது, பக்கத்தில் ஒரு புள்ளி. அக்கா பதினைந்தரைக்கே வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, அப்பாவின் கை வரவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது. இரவு முழுக்க அழுதாள், சேட்டைப் பிரித்தாள். அடுத்த நாள் அவரிடமே கேட்டாள், "ஐயா, இந்தப் புள்ளி என்னத்துக்கு?" அவர் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினார். ஆபரேஷன் தழும்பு. துணி உரசினால் எரியும். அப்பா வருடக்கணக்காக அரை விரல் தளர்த்தி வெட்டியிருக்கிறார், வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் எந்தப் புள்ளியையும் கேட்காமல் விடவில்லை. புது அளவுகளை அதே கொப்பியில், அப்பா நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து, சிவப்புப் பேனையால் எழுதினாள். ஒரு வருடம் போயிருக்கும். நான் கடையில் இருந்தபோது ஒரு கோல் வந்தது. "முதலாளி இருக்கிறாரா?" அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கிறேன், சொல்லுங்கள்" என்றாள்.

இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது. அப்பாவின் இடத்தை அவள் நிரப்பினாளா என்று கேட்டால், இல்லை. அப்பாவின் மேசையில் நின்றாள். அந்த இரண்டும் வேறு வேறு. வேதாளரின் குகையில் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தைத் தானே எழுதிவைக்கும் ஏடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாகத்தான் தெரிகின்றன.

அப்புறம், சத்தியத்தில் "மகன்கள்" என்றுதான் இருக்கிறது என்று சொல்லும் நண்பருக்கு. உண்மைதான், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தியம் ஏற்கெனவே ஒருமுறை விரிந்து கொடுத்திருக்கிறது. 17ஆவது வேதாளர் இயங்க முடியாமல் கிடந்தபோது அவருடைய சகோதரி ஜூலி உடுப்பைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனாள். அதை எழுதியவரும் லீ ஃபாக்தான், 1950களிலேயே. இது இந்தக் காலத்து நாகரிகத்துக்காகப் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டியது என்று யாராவது சொன்னால் ஜூலியைக் காட்டுங்கள். அவள் தற்காலிகமாக வந்தவள், அண்ணன் எழுந்ததும் விலகிவிட்டாள். என் மனக்குறை அதில்தான். கிட்டை இமயமலையில் ஒரு மடத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் வரும்வரைக்கும் காவலிருக்கத்தான் ஹெலாய்ஸ் என்று எழுதினால் அது வாலிக்குச் செய்த அதே அநியாயம்.

என் பதில் இதுதான், க. இருபத்தோராவது வேதாளர் சாகட்டும். உண்மையாகவே சாகட்டும், இருபத்தோராவது கல்லறையில் வைத்துக் கல்லை மூடட்டும். அதற்குப் பிறகு ஹெலாய்ஸ் வரட்டும். ஒரு வேண்டுகோள் மட்டும், அவசரப்பட வேண்டாம். 2011இல் ஒரு ஸ்பைடர்மேன் தொடரில் பீட்டர் பார்க்கர் செத்த பிறகு மைல்ஸ் மொராலஸ் என்ற சின்னப் பெடியன் வந்தான். பெண்டிஸ் எழுத, சாரா பிச்செல்லி வரைந்தார். அவன் பழைய உடுப்பைப் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு முதல் தடவை வெளியே வந்தபோது, தெருவில் நின்றவர்கள், செத்தவரின் உடுப்பில் வருகிறாயே, இது சரியில்லை என்று முகம் சுளித்தார்கள். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசகனின் கோபத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து அந்தப் பிள்ளையைக் கேட்கவைத்தார்கள். அவன் பிறகு தனக்கென்று கறுப்பு உடுப்பு எடுத்தான். ஹெலாய்ஸையும் யாராவது "அப்பாவின் கை வரவில்லை" என்று சொல்லட்டும். குர்ரான் சொன்னால் இன்னும் நல்லது, அவர்தான் அப்பாவோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்.

வாசிப்பதை விட்டுவிடுவேன் என்கிற நண்பரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கள் ஒழுங்கையிலும் அப்பாவுக்குப் பிறகு வேறு தையல்காரரிடம் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அப்பா மேல் அன்புதான். அவர் தன்னிடம் இருக்கும் பழைய இதழ்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும், அதில் இருபத்தோராவது ஆள் சாகவே போவதில்லை.

உங்கள் மகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் வெள்ளவத்தையில், 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க வாசலில் நிற்பேன். டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்த ராணி காமிக்ஸ் எட்டு என்னிடம் இருக்கின்றன, எட்டும் உங்கள் மாயாவி. இரண்டுக்கு அட்டை இல்லை, ஒன்றில் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறது. அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா